சிந்தெடிக் ஜெட்: துளையின் எந்த விளிம்பை உருட்டுவது, எதைக் கூர்மையாக விடுவது?

நீலவிளக்கு

எல்லாருக்கும் வணக்கம். விசிறி இல்லாமல் ஓர் எல்இடி விளக்கின் ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புத் தகடுகளை) குளிர்விக்க முயன்றுகொண்டிருக்கிறேன். தூசி புகுந்து விசிறியின் பேரிங் தேய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் சிந்தெடிக் ஜெட் பக்கம் வந்தேன். தெரியாதவர்களுக்கு: ஒரு சிறிய மூடிய அறை, ஒரு பக்கம் அதிரும் சவ்வு, எதிர்ப்பக்கம் ஒரு துளை. சவ்வு முன்னே வரும்போது காற்று வெளியே பாய்கிறது, பின்னே போகும்போது அதே துளை வழியாக உள்ளே வருகிறது. ஒரு முழு அதிர்வைக் கூட்டிக் கழித்தால் வெளியேறிய காற்று பூஜ்யம். ஆனாலும் துளைக்கு எதிரே கையை வைத்தால் ஒரே திசையில் காற்று அடிக்கிறது. முதல் தடவை உள்ளங்கையில் அதை உணர்ந்தபோது நம்பவே முடியவில்லை.

என் அமைப்பு: 100 மி.மீ. ஸ்பீக்கர், அதன் முன்னால் 15 மி.மீ. ஆழமுள்ள அறை, 3 மி.மீ. தடிமனுள்ள மூடி, நடுவில் 10 மி.மீ. துளை. 80 ஹெர்ட்ஸ் சைன் அலையில் ஓட்டுகிறேன்.

பிரச்சினை சத்தம்தான். அடியில் ஓர் உறுமல், அதன்மேல் ‘ஸ்ஸ்’ என்ற சீறல், சில மூடிகளில் மட்டும் மெல்லிய விசில். ஐந்து மூடிகள் செய்து பார்த்துவிட்டேன். சும்மா டிரில் போட்டது ஒன்று, உள்விளிம்பை (அறைப் பக்கத்து விளிம்பை) மட்டும் கூர்மை போக வளைவாக உருட்டியது ஒன்று, இரண்டு விளிம்பையும் உருட்டியது ஒன்று, 15 மி.மீ. குழாய் நீட்டியது ஒன்று, பூவிதழ் மாதிரி வெட்டியது ஒன்று. இரண்டு பக்கமும் உருட்டியதுதான் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் அதில் காற்று தொலைவுக்குப் போகவில்லை. எதிரே தொங்கவிட்ட தாள் நாடா லேசாக அசைந்ததோடு சரி.

இன்னொரு புதிரும் இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்பக்கம் முதலில் திறந்தே இருந்தது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டியால் மூடினேன். உறுமல் குறையும் என்று நினைத்தால் கூடிவிட்டது. ஏன்?

லேத்மேடு

தம்பி, வடிவத்தைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். டிரில் போட்ட மூடியில் பிசிறு எடுத்தீர்களா? பிளாஸ்டிக்கில் டிரில் வெளியேறும் பக்கம் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். நகத்தை விளிம்பில் சுற்றி ஓட்டிப் பாருங்கள், எங்காவது தடுக்கினால் விசில் அங்கேதான் பிறக்கிறது.

பிசிறு எடுக்கிறேன் என்று பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்துச் சுழற்றாதீர்கள். விளிம்பு பல் பல்லாகப் போய்விடும். நைசான உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றித் துளைக்குள் திருப்பினால் போதும்.

நீலவிளக்கு

நீங்கள் சொன்னது சரி அண்ணா. வெளிப்பக்கம் கால்வாசிச் சுற்றுக்குப் பிசிறு இருந்தது. எடுத்ததும் விசில் பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வால்யூமை ஏற்றினால் விசிலின் சுருதியும் ஏறுகிறது.

சுழிவளையம்

வால்யூமோடு சுருதி ஏறுகிறது என்றால் அது அறையின் ஒத்ததிர்வு இல்லை, காற்றின் வேகத்தைச் சார்ந்தது. தடிமன் குறைந்த தட்டில் கூரிய துளை இருந்தால், ஒரு விளிம்பில் பிரியும் காற்று மறுவிளிம்பைத் தாண்டும்போது தன்னைத்தானே தூண்டிவிட்டு விசிலடிக்கும். அந்த அதிர்வெண் தோராயமாக வேகத்தைத் தடிமனால் வகுத்து வருவதில் 0.2 முதல் 0.35 மடங்கு. வேகம் 20 மீ./நொடி, தடிமன் 3 மி.மீ. என்றால் 1,300-லிருந்து 2,300 ஹெர்ட்ஸ் வரை எங்காவது விழும். காது கூர்மையாகக் கேட்கும் இடம் அது. உள்விளிம்பை உருட்டிய மூடியில் விசில் இருந்ததா?

வேகம் 20 என்பது என் ஊகம். ஸ்பீக்கரின் கூம்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காற்று வேகத்தை அளக்கும் அனிமாமீட்டரை மட்டும் துளைக்குப் பக்கத்தில் வைத்து நம்ப வேண்டாம். ஹாட்-வயர் (சூடான கம்பி) வகைக்குக் காற்று போகும் திசை தெரியாது, உறிஞ்சலையும் ஊதலாகவே காட்டும்.

நீலவிளக்கு

உள்விளிம்பை உருட்டிய மூடியில் விசில் இல்லை!

பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பின் பின்புறம் ஒரு பொட்டு வெள்ளைத்தாள் ஒட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மங்கலாகத் தெரியும் பட்டையின் அகலம் 1.2 மி.மீ. இருக்கும்.

சுழிவளையம்

நல்லது, கணக்கு போடலாம். 100 மி.மீ. ஸ்பீக்கரின் கூம்புக்குப் பயன்படும் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. உங்கள் துளை 0.785 சதுர செ.மீ., அதாவது ஏறத்தாழ 64-ல் ஒரு பங்கு. நடுநிலையிலிருந்து 0.6 மி.மீ. ஆட்டம், 80 ஹெர்ட்ஸ் என்றால் கூம்பின் உச்ச வேகம் நொடிக்கு 30 செ.மீ. 64-ஆல் பெருக்கினால் துளையில் 19 மீ./நொடி. ஊகம் பெரிதாகத் தப்பவில்லை.

சரி, இப்போது வடிவத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊதும்போது காற்று துளையின் விளிம்பில் பிரிந்து சுருண்டு ஒரு சுழி வளையமாகிறது. அந்த வளையம் தன் சுழற்சியாலேயே முன்னோக்கி நகரும். அடுத்த அரைச்சுற்றில் சவ்வு காற்றை இழுக்கும்போது, வளையம் எட்டாத தூரம் போயிருந்தால் தப்பிவிடும். இல்லையென்றால் திரும்ப உள்ளே போய்விடும், ஜெட்டே உருவாகாது. கையில் ஒரே திசையில் காற்று அடிப்பது இந்தத் தப்பித்த வளையங்களால்தான். உறிஞ்சும்போது காற்று எல்லாப் பக்கமிருந்தும் சோம்பலாக வருகிறது, ஊதும்போது ஒரே பக்கம் பாய்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் மொத்தக் கருவியும்.

இதைப் படிப்படியாக அளந்து காட்டியவர்கள் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்டன் ஸ்மித்தும் ஆரி கிளேசரும், 1998-ல். ஜெட் உருவாகக் குறைந்தபட்சம் என்ன தேவை என்று 2005-ல் ஹோல்மனும் அவருடைய குழுவினரும் ஓர் அளவுகோல் தந்தார்கள். எளிமையாகச் சொன்னால்: ஒரு சுற்றில் ஊதப்படும் காற்றை அந்தத் துளையின் அகலத்திலேயே ஒரு கம்பமாக நீட்டி வைத்தால், வட்டத் துளைக்கு அந்தக் கம்பத்தின் நீளம் விட்டத்தில் பாதியையாவது தாண்ட வேண்டும். நீண்ட பிளவு வடிவத் துளைக்குப் பிளவின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு வேண்டும். உங்களுடையது ஏறத்தாழ 76 மி.மீ., அதாவது விட்டத்தைப் போல் ஏழரை மடங்கு. தாராளம்.

கொஞ்சம் கூடுதல் தாராளம் என்றுகூடச் சொல்வேன். ஒரு வளையம் ஓரளவுக்கு மேல் காற்றை விழுங்காது. கரீபும் சகாக்களும் 1998-ல் நீரில் செய்த சோதனைகளில் அந்த வரம்பு விட்டத்தைப் போல் நான்கு மடங்கை ஒட்டி வந்தது. மீதிக் காற்று வளையத்துக்குப் பின்னால் வாலாகப் போகும். வால் வீண் இல்லை, அதுவும் உந்தம்தான்.

இப்போது இரண்டு விளிம்புகள். ஊதும்போது காற்று உள்விளிம்பைச் சுற்றித் திரும்பி வருகிறது. அங்கே கூர்மையாக இருந்தால் சுவரைவிட்டுப் பிரிந்து, துளைக்குள்ளேயே இடுப்பு மாதிரிக் குறுகிவிடும். கூரிய துளையில் பாய்ச்சல் பரப்பின் 60 சதவீதத்துக்குச் சுருங்கும் என்பது பழைய பாடம். உள்விளிம்பை உருட்டினால் அந்த இழப்பு போய்விடும், கூடவே துளைக்குள் நடக்கும் கொந்தளிப்பும் அடங்கும். உங்கள் விசில் அதனால்தான் போனது.

வெளிவிளிம்பின் வேலை வேறு. சுழி வளையம் பிறப்பது அங்கே. அது கூர்மையாக இருந்தால் காற்று சுற்று முழுக்க ஒரே கோட்டில், ஒரே நேரத்தில், சுத்தமாகப் பிரியும். பெரிதாக உருட்டிவிட்டால் காற்று வளைவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விரியும், வேகம் குறையும், வளையம் மந்தமாகும். உங்கள் தாள் நாடா அசையாததற்குக் காரணம் அதுதான்.

ஒலிப்பெட்டி

நான் ஸ்பீக்கர் பெட்டி செய்பவன். இதையே நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். பாஸ் ஒலியைக் கூட்ட ஸ்பீக்கர் பெட்டியில் வைக்கும் பாஸ் ரிஃப்ளெக்ஸ் குழாயில் காற்று முன்னும் பின்னும் ஓடும்போது ‘புஸ் புஸ்’ என்று கேட்டால் பாட்டே கெட்டுவிடும். அதனால் குழாயின் இரண்டு வாயையும் எக்காளம் மாதிரி விரிக்கிறோம். நாங்கள் தவிர்க்கப் பாடுபடும் அதே ஜெட்டைத்தான் நீங்கள் பாடுபட்டு உருவாக்குகிறீர்கள்! எனவே எங்கள் குழாய்வாயை அப்படியே எடுத்து வைத்தால் அமைதியும் வரும், காற்றும் நின்றுபோகும்.

லேத்மேடு

வெளிவிளிம்பைக் கத்தி மாதிரி விடுவதை நான் ஏற்கவில்லை. அதே துளை வழியாகத்தானே உறிஞ்சவும் செய்கிறது? உறிஞ்சும்போது வெளிவிளிம்புதான் நுழைவாயில். அது கூர்மையாக இருந்தால் காற்று அங்கே பிரிந்து, துளைச் சுவரிலும் உள்விளிம்பிலும் போய் மோதும். சீறல் அங்கிருந்து வராதா?

சுழிவளையம்

வரும் அண்ணா, நீங்கள் கேட்பது நியாயம். உறிஞ்சும் அரைச்சுற்றில் வெளியே நிற்கும் நமக்கு உள்ளே நடக்கும் கொந்தளிப்பு துளை வழியாகக் கேட்கத்தான் செய்யும். அதற்காக 3 மி.மீ. ரேடியஸ் கொடுத்தால் ஜெட் போய்விடும். என் கைப்பழக்கம்: உள்ளே பெரிய ரேடியஸ், வெளியே கூர்மையை முறித்த மாதிரி அரை மி.மீ.க்கும் குறைவாக ஒரு சாம்ஃபர் (சாய்வு வெட்டு). உள்ளே உருண்டிருப்பதால், வெளிவிளிம்பில் பிரிந்து வந்த காற்றுக்கும் மோதுவதற்குக் கூரிய முனை கிடைக்காது.

லேத்மேடு

அதற்கு நான் சரி. ஆனால் 3 மி.மீ. மூடியில் 3 மி.மீ. ரேடியஸ் போட்டால் நேர்ச்சுவரே மிஞ்சாது. மூடியை 5 மி.மீ. ஆக்குங்கள்.

ஒலிப்பெட்டி

உறுமல் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கும் துளையின் வடிவத்துக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பெட்டி வேலையில் பல வருடம் கழித்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

80 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அதற்கு முன்னால் 10 மி.மீ. துளை ஒரு புள்ளி. அது வட்டமா, நட்சத்திரமா, உருட்டியதா என்று அலைக்குத் தெரியாது. அலைக்குத் தெரிவது இரண்டே: நொடிக்கு எவ்வளவு கன அளவு காற்று போய் வருகிறது, எத்தனை தடவை. இரண்டையும் பெருக்கினால் உறுமல். நீலவிளக்கின் எண்களைப் போட்டால் 1 மீட்டர் தூரத்தில் 68 டெசிபெல் வருகிறது. காதின் உணர்திறனுக்கேற்ப ஏ-எடை போட்டால் 80 ஹெர்ட்ஸில் 22.5 கழியும், எனவே 46 போல நிற்கும். இரவில் அமைதியான அறையில் இது நன்றாகவே கேட்கும்.

பெட்டியால் மூடியதும் உறுமல் கூடியதற்கு விடையும் இதுவே. கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. பின்பக்கம் திறந்திருந்தபோது துளையின் தள்ளலையும் கூம்பின் பின்பக்க இழுப்பையும் சில சென்டிமீட்டர்தான் பிரித்தது. 4 மீட்டர் அலைக்கு இரண்டும் ஒரே இடம், ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. நீங்கள் அதில் ஒன்றை வாயடைத்துவிட்டீர்கள்.

பெட்டி வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் பின்னறைக்கும் அதே மாதிரி ஒரு துளை வையுங்கள். முன்துளை ஊதும்போது பின்துளை உறிஞ்சும். இரண்டு ஜெட் கிடைக்கும், உறுமல் அழியும். 2008-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் லசான்ஸும் ஆர்ட்ஸும் இருமுனைக் குளிர்விப்பான் என்று செய்து காட்டியதும் இந்தத் தத்துவத்தில்தான்.

தாமரைத்தண்டு

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு சந்தேகம். போயிங் 787 எஞ்சினின் பின்னால் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருப்பதே சத்தத்தைக் குறைக்கத்தானே? நீலவிளக்கு செய்த பூவிதழ் துளையும் அப்படி வேலை செய்ய வேண்டுமே?

சுழிவளையம்

நல்ல கேள்வி. விமான எஞ்சினில் சத்தத்தின் பெரும்பங்கு வெளியே, வேகமான காற்றும் மெதுவான காற்றும் கலக்கும் இடத்தில் பிறக்கிறது. லைட்ஹில் 1952-ல் காட்டியபடி அந்த வகைச் சத்தத்தின் திறன் வேகத்தின் 8-ஆம் அடுக்கில் ஏறும். அங்கே ரம்பப் பல் அந்தக் கலப்பை மென்மையாக்குகிறது. நம் ஜெட்டின் வேகமோ ஒலி வேகத்தில் 6 சதவீதம்கூட இல்லை. இந்த வேகத்தில் கலப்புச் சத்தம் மிகச் சிறியது. நாம் கேட்கும் சீறல் பெரும்பாலும் காற்று திடமான விளிம்பில் மோதுவதால் வருவது, அது வேகத்தின் 6-ஆம் அடுக்கில் ஏறும். பூவிதழ் வெட்டினால் விளிம்பின் மொத்த நீளம் கூடுகிறது, காற்று மோதுவதற்கான இடமும் கூடுகிறது. எனவே எஞ்சினில் கிடைக்கும் பலன் இங்கே தானாக வந்துவிடாது.

ஆனால் பூவிதழுக்கும் நீள்வட்டத்துக்கும் இன்னொரு குணம் உண்டு. வட்டமில்லாத சுழி வளையம் போகப் போகத் தன் நீள அச்சையும் குறுக்கு அச்சையும் மாற்றிக்கொள்ளும். வளைவு அதிகமுள்ள பகுதி வேகமாக முந்துவதால் வளையம் மடங்கித் திரும்புகிறது. கிடையாக நீண்டு புறப்பட்டது சற்று தூரத்தில் செங்குத்தாக நீண்டு நிற்கும். வழியில் சுற்றுக்காற்றை நிறைய இழுத்துக்கொள்ளும். ஹீட் சிங்க் பக்கத்திலேயே இருந்து, காற்று பரவ வேண்டும் என்றால் அது உதவும். தூரம் போக வேண்டுமென்றால் வட்டம்தான்.

நீலவிளக்கு

மூடிகளை ஒப்பிட்ட விதமே தப்போ என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தையும் ஒரே வோல்டேஜில் ஓட்டித்தான் கேட்டேன்.

சுழிவளையம்

ஆமாம், அது நியாயமான போட்டி இல்லை. மூடி மாறினால் அறையின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வும் (அறைக்காற்று ஸ்பிரிங் மாதிரியும் துளைக்காற்று எடை மாதிரியும் சேர்ந்து ஆடும் அதிர்வெண்) மாறும். காற்றுத் தூணின் நீளம் தட்டின் தடிமன் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் ஆரத்தில் 0.85 மடங்கு சேரும். டிரில் போட்ட மூடிக்கு அது 11.5 மி.மீ., அறையின் கொள்ளளவு 118 கன செ.மீ., ஒத்ததிர்வு 415 ஹெர்ட்ஸ் பக்கம். குழாய் வைத்த மூடிக்கு 300-ஐ ஒட்டி வரும்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு தொல்லையைக் கவனியுங்கள். துளையில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, அதோடு திசைக்கேற்பக் குறி மாறும். அப்படிப்பட்ட இழப்பு சுத்தமான சைன் அலையிலிருந்து ஒற்றைப்படை மடங்குகளைப் பிறப்பிக்கும்: 80-லிருந்து 240, 400. உங்கள் அறை 415-ல் நிற்கிறது, 400 அதன் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காதுக்கு 400 ஹெர்ட்ஸ் 80-ஐவிட ஏறத்தாழ 18 டெசிபெல் உரக்கக் கேட்கும். உறுமலுக்கு மேலே ஒரு முனகல் கேட்கிறதா?

ஒரே உந்தத்தில் ஒப்பிடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் ஓர் அட்டையை வைத்து, அதன்மேல் 10 செ.மீ. உயரத்திலிருந்து ஜெட்டை அடிக்க விடுங்கள். கணக்குப்படி உங்களுக்கு 0.9 கிராம் அருகே வர வேண்டும். ஒவ்வொரு மூடிக்கும் வோல்டேஜை மாற்றி, தராசு ஒரே எண்ணைக் காட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள்.

ஒலிப்பெட்டி

அதே உந்தம் என்று பேச ஆரம்பித்தால் துளையின் பரப்பும் விவாதத்துக்குள் வந்துவிடும். உந்தம் என்பது பரப்பு, வேகத்தின் இருமடி இரண்டின் பெருக்கம். பரப்பைப் பாதியாக்கினால் வேகம் 1.4 மடங்கு வேண்டும். போய் வரும் கன அளவு குறைவதால் உறுமல் 3 டெசிபெல் இறங்கும், ஆனால் விளிம்புச் சீறல் 6 டெசிபெல் ஏறும். உறுமலை இருமுனையால் அழித்துவிடலாம் என்பதால் என் ஆலோசனை: துளையைச் சிறிதாக்காதீர்கள், பெரிதாக்கி வேகத்தைக் குறையுங்கள்.

தாமரைத்தண்டு

ஒரு பெரிய துளைக்குப் பதில் 25 சிறிய துளைகள் போட்டால்?

சுழிவளையம்

அதே பரப்புக்கு ஒவ்வொன்றும் 2 மி.மீ. ஆகும். 80 ஹெர்ட்ஸில் சுவரை ஒட்டிய உராய்வுப் படலம் கால் மி.மீ. தடிமன். 10 மி.மீ. துளையில் அது கண்டுகொள்ள வேண்டாத விஷயம், 2 மி.மீ. துளையில் இரண்டு பக்கமும் சேர்த்து அரை மி.மீ. போய்விடும். சீறலின் சுருதி ஏறும், வளையங்கள் சிறிதாகி ஒன்றோடொன்று சீக்கிரம் கலந்துவிடும். நான் அந்த வழிக்குப் போகமாட்டேன்.

நீலவிளக்கு

நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, நிறைய மாற்றிவிட்டேன்.

முதலில் தராசு. டிரில் போட்ட மூடி 0.8 கிராமை ஒட்டி நின்றது. அதே எண்ணுக்கு வர உள்விளிம்பு உருட்டிய மூடிக்குக் குறைந்த வோல்டேஜே போதுமாக இருந்தது, சீறலும் தெளிவாகக் குறைவு. இரண்டு பக்கமும் உருட்டியதை அதே எண்ணுக்குக் கொண்டுவர வால்யூமை ஏற்ற ஏற்ற, அதன் அமைதி காணாமல் போனது. உறுமலும் சீறலும் சேர்ந்து டிரில் மூடியின் அளவுக்கே வந்துவிட்டது. ஒரே வோல்டேஜில் கேட்டபோது அது இதமாக இருந்ததற்குக் காரணம், அது வேலையே செய்யவில்லை என்பதுதான்.

அப்புறம் புதிய மூடி: 5 மி.மீ. தடிமன், 12 மி.மீ. துளை, உள்ளே 3 மி.மீ. ரேடியஸ், வெளியே 0.3 மி.மீ. சாம்ஃபர். 3டி பிரிண்டரில் உள்வளைவு படிக்கட்டு மாதிரி வந்தது. லேத்மேடு அண்ணன் சொன்ன பென்சிலும் உப்புத்தாளும் வைத்து, விரல் வழுக்கும்வரை தேய்த்தேன். பின்னறைக்கும் அதே மூடி. இரண்டாவது துளையைத் திறந்த நொடியில் உறுமல் கீழே போனதைக் கேட்க வேண்டுமே! விரலால் பின்துளையை அடைத்தால் திரும்ப வருகிறது, எடுத்தால் போகிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நாலு தடவை செய்து காட்டினேன்.

முனகல் இருந்தது அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே. அதிர்வெண்ணை 80-லிருந்து 70-க்கு இறக்கியதும் அடங்கிவிட்டது.

ஆனால் ஹீட் சிங்கை வைத்ததும் சீறல் மறுபடியும் கூடிவிட்டது. துளைக்கு முன்னால் 15 மி.மீ. தூரத்தில் துடுப்புகளின் முனை நிற்கிறது.

லேத்மேடு

துடுப்பு முனையும் ஒரு கூரிய விளிம்புதானே தம்பி. வளையம் நேராக அதில்போய் வெட்டுப்படுகிறது.

சுழிவளையம்

அதேதான். 15 மி.மீ. என்பது விட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வளையம் இன்னும் முழுசாகச் சேரவில்லை, அதோடு உறிஞ்சுவதற்கான காற்றும் பக்கவாட்டிலிருந்து நெருக்கி வர வேண்டியிருக்கிறது. ஆறேழு செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்கள். துளையின் மையம் ஒரு துடுப்பின் முனைக்கு நேரே இல்லாமல், இரண்டு துடுப்புக்கு நடுவிலுள்ள சந்துக்கு நேரே வரட்டும்.

நீலவிளக்கு

65 மி.மீ. தள்ளி, சந்துக்கு நேரே வைத்துவிட்டேன். சீறல் நன்றாக இறங்கியிருக்கிறது. அரை மணி நேரமாக விளக்கு எரிகிறது, ஹீட் சிங்கில் விரலை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறது. இனி இரண்டாவது ஜெட்டையும் அதே ஹீட் சிங்குக்குத் திருப்ப ஒரு வளைந்த குழாய் செய்ய வேண்டும். அதன் வளைவை எவ்வளவு மென்மையாக வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.